கிராப்பு சாமி

எங்கள் பிர்க்காவுக்கு, அதாவது எங்கள் வட்டாரத்துக் கிராமங்களுக்கு, வந்துபோன ஆர்.ஐ.க்களில் ஏழெட்டுப் பேரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் முகமெல்லாம் கலங்கிப்போய்விட்டது. ஒரே ஒருவர் முகம் மட்டும் அப்படியே இருக்கிறது. அவர் எழுதிய நாலு வரியால்தான் எனக்கு இரண்டு மாதம் சஸ்பென்ஷன் கிடைத்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பெருமையாகவே சொல்கிறேன்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் கர்ணம். எந்த நிலம் யாருடையது, அதில் இந்த மாதம் என்ன விளைகிறது என்று அடங்கலில் எழுதி வைப்பது கர்ணத்தின் வேலை. அந்தக் கணக்கை நிலத்தோடு ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். சட்டம் அப்படி. வழக்கம் வேறு. ஆர்.ஐ. வருவார், இளநீர் வெட்டுவோம், ஃபேன் இல்லாத கூடத்தில் விசிறி கொடுத்து உட்காரவைப்போம், சாப்பாடு முடிந்து அவர் வெற்றிலையை மடிக்கும்போது நான் பக்கங்களைப் புரட்டுவேன், அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவார். நிலம் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை என்பது எங்கள் எல்லோருடைய அபிப்பிராயம்.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஒரு நாள் இவர் வந்து இறங்கினார். திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் கோயிலில். இவர் ஒருவர்தான் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தவர். நெற்றியில் நாமம், பின்னால் கட்டுக்குடுமி, தோளில் காக்கிப் பை, கக்கத்தில் குடை. நான் வெட்டி நீட்டிய இளநீரைப் பார்த்தார்.

"அது இருக்கட்டும் ஓய். கிராப் எங்கே இருக்கு?"

"அடங்கல் உள்ளே இருக்கு சார், எடுத்துக்கிட்டு வரேன்."

"அடங்கல்ல இருக்கறது எழுத்து. நான் கிராப் எங்கேன்னு கேட்டேன்."

அன்றைக்கு ஆரம்பித்தது. வெயிலில் ஊர் முழுக்க என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு வயலிலும் செருப்பை வரப்பில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே இறங்குவார். கீழாண்டைப் பக்கம் ஒரு துண்டு நிலம். என் கணக்கில் அது நெல். போய்ப் பார்த்தால் பத்து நாள் முன்பே அறுத்து, கட்டையும் காய்ந்து கிடக்கிறது.

"நெல் களத்துல இருக்கு சார், அடிச்சுக்கிட்டிருக்காங்க" என்றேன்.

"அறுத்தாச்சுன்னா அது கிராப் இல்ல ஓய். களத்துல இருந்தா தானியம், பானையில இருந்தா சாதம். இந்த நிலத்துல இன்னிக்கு என்ன இருக்கு? தாள். தாள்னு எழுதும்."

எழுதினேன். மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் எழுதினேன்.

'கிராப்' என்கிற அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்காத நாளில்லை. மேலே போகிற ரிப்போர்ட் எல்லாம் அன்றைக்கு இங்கிலீஷில்தான் என்றாலும், மற்ற ஆர்.ஐ.க்கள் பேச்சில் பயிர் என்றுதான் சொல்வார்கள். ஒரு முறை வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது கேட்டே விட்டேன், பயிர் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று.

"பயிர்னு சொன்னா அது குடியானவனோடது ஓய். அவன் அதைப் பார்த்து சந்தோஷப்படலாம், அழலாம், நமக்கு அதுல வேலை இல்ல. கிராப்னு எழுதிட்டா, இருக்குன்னு சர்க்கார் ஒத்துண்டாச்சுன்னு அர்த்தம். அப்புறம் சர்க்கார் அதுக்கு ஜவாப் சொல்லியாகணும். அதனால இல்லாததை எழுதப்படாது. இருக்கறதை விடவும் படாது."

இந்த இரண்டு 'படாது'களுக்கு நடுவில்தான் அவர் வாழ்ந்தார். சொசைட்டியில் கிராப் லோன் வாங்கியவன் நிலத்தில் கிராப் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பார். டபுள் கிராப் என்று பதிவான நிலத்தில் இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று மதகில் நின்று பார்ப்பார். சவுக்கு மரமா, கிராப்பா என்று ஒரு பங்காளித் தகராறு வந்தபோது, "நட்டவன் வெட்டறதுக்குன்னு நட்டானா, நிழலுக்குன்னு நட்டானா?" என்று கேட்டு, அந்த ஒரு கேள்வியில் பஞ்சாயத்தை முடித்தார். ஊர் ஜனங்கள் அவருக்குக் 'கிராப்பு சாமி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தலையில் குடுமி வைத்திருந்தவருக்கு அந்தப் பெயர் வந்ததில் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் குஷி.

புதுவாயல் டீக்கடையில் ஒரு தடவை தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவன், எண்ணெய் தடவி வகிடெடுத்த இளைஞன், அவர் காதுபடவே அதைச் சொன்னான். தலையில் கிராப் இல்லாத ஆளைக் கிராப் பார்க்க அனுப்பியிருக்கிறார்களே என்று. கடையில் எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். அவர் டம்ளரை நிதானமாகக் கீழே வைத்தார்.

"நீர் மாசாமாசம் அறுத்துடறீர். என்னோடது அப்படியே நிக்கறது. ஆபீஸ் ரிக்கார்டுப்படி பார்த்தா என்கிட்டதான் ஓய் கிராப் இருக்கு."

அவனே சிரித்துவிட்டான். டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

ஆனால் அவரை எப்போதும் சிரித்துக்கொண்டே பார்க்க முடியாது. ஒரு வறட்சி வருஷம். ஏரி வற்றி உள்வாய் வெடித்துக் கிடந்தது. ஈரம் மிச்சமிருந்த பள்ளத்தில் ஏழெட்டுக் குடும்பங்கள் வெள்ளரியும் தர்பூசணியும் போட்டிருந்தார்கள். ஏரி சர்க்கார் நிலம். அதில் பயிர் வைப்பது ஆக்கிரமிப்பு. நான் கணக்கில் எழுதினால் பி மெமோ என்று ஒரு காகிதம் வரும், அபராதம் கட்ட வேண்டும். எழுதாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. நான் எழுதவில்லை. அதைப் புண்ணியம் என்றே நினைத்திருந்தேன். இவர் வந்தார், ஏரிக்குள் இறங்கி நடந்தார், கொடிகளைப் பார்த்தார், எழுதினார். மெமோ வந்தது.

அந்தக் குடும்பங்களில் ஒன்று கன்னியம்மாவுடையது. புருஷன் காசநோயில் ஒடுங்கிப்போனவன். இரண்டு பெண் பிள்ளைகள். ஏர் பிடிப்பது தவிர மற்ற எல்லாம் அவளே செய்வாள். மெமோவை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து பஸ் நிறுத்தத்தில் அவரை மடக்கினாள்.

"இன்னா சாமி, வெள்ளரிப் பிஞ்சு உன் கண்ண உறுத்திச்சா? ஊட்ல நாலு வாயி கீது. ஏரில தண்ணி இல்ல, வானத்துல தண்ணி இல்ல. இருக்குற ஈரத்துல ரெண்டு கொடி போட்டா, அதுக்கும் சீட்டு அனுப்புறியே. ஏன் இப்டி பேஜாரு பண்ற?"

"யார் போட்டா, போடலாமாங்கறது வேற கேள்வி அம்மா. அதைத் தாசில்தார் பார்த்துப்பார். போட்டிருக்கா இல்லையாங்கறதுதான் என் கேள்வி. போட்டிருக்கு. நான் எப்படி இல்லைன்னு எழுதுவேன்?"

"மன்சனா நீ" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவர் முகம் சிவந்து போயிருந்தது. எனக்கும் அன்றைக்கு அவர் மேல் கோபம்தான். சட்டம் பேசுகிற மனுஷனுக்குச் சோறு தெரியாது என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

இரண்டு வருஷம் கழித்துத் தொழிற்பேட்டை வந்தது. வந்தது என்றால், முதலில் காகிதமாக வந்தது. எங்கள் கிராமத்து மேட்டு நிலத்தில் ஒரு பெரிய கட்டு முழுவதும் எடுத்துக்கொள்ளப்படும் என்று நோட்டீஸ். கன்னியம்மாவின் ஒன்றேகால் ஏக்கரா பட்டா நிலமும் அதில் போனது. நிலம் போவது போவதுதான், அதைத் தடுக்க யாராலும் முடியாது என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு விஷயம். தரிசாகக் கிடக்கிற நிலத்தை உடனே எடுத்துக்கொள்வார்கள். ஸ்டாண்டிங் கிராப் இருக்கிற நிலத்தை அறுவடை ஆன பிறகுதான் எடுப்பார்கள். ஆக, ஒரு குடும்பம் அந்த வருஷம் வீட்டு நெல்லைச் சாப்பிடுமா, சாப்பிடாதா என்பது அடங்கலில் ஒரு கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து நின்றது.

அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதியிருந்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்து மேட்டு நிலத்தில் நாற்றும் நடவும் கிடையாது. ஆடியில் காய்ந்த மண்ணை உழுது பொடியாக்கி, அந்தப் புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுவார்கள். மழை விழும்வரை விதை உள்ளே கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் செம்மண். முந்தின வருஷம் மழை இல்லாமல் அந்தக் கட்டு முழுவதும் தரிசு. அதனால் இந்த வருஷ ஆடி மாதக் கணக்கை நான் வீட்டில் உட்கார்ந்தே எழுதினேன். முதல் வரியில் 'தரிசு'. அதற்குக் கீழே எல்லா வரியிலும் 'மேற்படி, மேற்படி, மேற்படி'. கர்ணங்களுக்கு அந்த வார்த்தை ஒரு வரப்பிரசாதம். ஒரு நாள் நடையை அரை நாழிகையில் முடித்துவிடலாம்.

அந்த மாதம் பார்த்து ஆர்.ஐ.க்குக் கோயிலில் குடும்ப முறை. அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, இவர் போயே ஆக வேண்டும். திருவள்ளூருக்குப் புறப்படுகிற அவசரத்தில் ரயிலடியில் நின்று என் கணக்கை வாங்கினார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீர் போய்ப் பார்த்தீரா?"

"பார்த்தேன் சார்."

கையெழுத்துப் போட்டார். அவர் பார்க்காமல் போட்ட கையெழுத்து எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். என் வார்த்தையை நம்பிப் போட்டது.

ஆவணி நடுவில் நிலம் எடுக்கிற ஸ்பெஷல் தாசில்தார் ஜீப்பில் வந்தார். நாற்று நட்டே பார்த்துப் பழகிய கீழத்தஞ்சைக்காரர், நல்ல மனிதர், சத்தம் போடாதவர். கூட அவருடைய குமாஸ்தா, எங்கள் ஆர்.ஐ., நான். ஜனங்கள் ஓரமாக நின்றார்கள். தாசில்தார் ஒவ்வொரு சர்வே நம்பராக என் கணக்கைப் பார்த்துப் படிக்க, குமாஸ்தா எழுதிக்கொண்டு வந்தான். கன்னியம்மாவின் நம்பர் வந்தது.

"தரிசு. ஸ்டாண்டிங் கிராப், நில். ஒண்ணுமில்ல" என்றார் தாசில்தார்.

"தரிசு இல்ல நைனா" என்று கன்னியம்மா முன்னால் வந்தாள். "வெத வுட்டுக்கீறோம். ஊட்ல இருந்த வெதநெல்லு மொத்தமும் இதுலதான் கீது. வேணுன்னா தோண்டிப் பாரு."

தாசில்தார் நிலத்தைப் பார்த்தார். கண்ணுக்கு எட்டியவரை செம்புழுதி. ஒரு பச்சைப் புல் இல்லை.

"நாத்து எங்கம்மா? நடவு எங்க? கணக்கும் தரிசுன்னு சொல்லுது, கண்ணுக்கும் தரிசாத்தான் தெரியுது."

ஆர்.ஐ. செருப்பைக் கழற்றினார். குடையை வரப்பில் வைத்தார். நிலத்துக்குள் நடந்துபோய், நாலு மூலையிலும் நடுவிலும் குந்தி உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறினார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நெல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே போட்டு மண்ணை மூடினார். ஐந்து இடம். ஐந்து நெல்லையும் மூடினார். அப்புறம் திரும்பி வந்தார்.

"கிராப் இருக்கு சார். நெல். புழுதி விதைப்பு."

"அது விதைய்யா. மண்ணுக்குள்ள கிடக்கறதை எப்படி ஸ்டாண்டிங் கிராப்னு எழுதறது?"

"உழுதாச்சு. விதைச்சாச்சு. பரம்பு ஓட்டி மூடியாச்சு. இனிமே மழை வரவரைக்கும் மனுஷா பண்ண வேண்டியது ஒண்ணும் பாக்கி இல்ல. மனுஷா கைவேலை முடிஞ்சு நிலம் கையில எடுத்துண்டுடுத்துன்னா அது கிராப் சார்."

தாசில்தார் கொஞ்சம் யோசித்தார். பிறகு, எல்லோருக்கும் நல்லது என்று நினைத்துத்தான், சொன்னார். "சரி. மாசக் கடைசிவரை பார்ப்போம். மழை பெஞ்சு முளைச்சா கிராப்னு போட்டுக்கலாம். முளைக்கலைன்னா தரிசு. உமக்கும் சங்கடம் இல்ல, எனக்கும் இல்ல."

ஓரத்தில் நின்றவர்கள் முகத்தில் தெளிச்சல் வந்தது. நான்கூட அப்பாடா என்று மூச்சுவிட்டேன். ஆர்.ஐ. தலையை ஆட்டவில்லை.

"மழை பெய்யலைன்னா அது பட்டுப்போன கிராப் சார். தரிசு ஆகாது. விதைச்சாளா இல்லையான்னு மழையைக் கேட்டு எழுதறதா?"

"அப்போ உம்ம கையெழுத்து?" தாசில்தார் அடங்கலை அவர் முன் நீட்டினார். "ஆடி மாசம் தரிசுன்னு எழுதினது உம்ம கர்ணம். பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டது நீர். இப்போ கிராப்ங்கறீர். எதை நான் மேலே அனுப்ப?"

ஆர்.ஐ. என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகக் கேட்டார்.

"ஓய், ஆடியில நீர் இங்கே வந்தீரா?"

ஊர் முழுக்க நின்றது. வந்தேன், அப்போது விதைக்கவில்லை, பிறகுதான் விதைத்திருப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவர் கட்டைவிரல் நகத்துக்குள் அந்தச் செம்மண் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன்.

"வரலை சார். வீட்டிலேர்ந்து எழுதினேன்."

அவர் அடங்கலை வாங்கி, ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து, தன் கையெழுத்துக்குக் கீழேயே எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார். கர்ணம் நிலத்தைப் பார்க்காமல் எழுதினார். நான் நிலத்தைப் பார்க்காமல் கையொப்பமிட்டேன். இரண்டும் தவறு. இன்று நேரில் கண்டது: கிராப், நெல், புழுதியில் விதைத்தது. கீழே இன்னொரு கையெழுத்து. அந்தக் கட்டில் விதைத்திருந்த மற்ற நம்பர்களையும் அன்றைக்கு மாலைக்குள் நடந்து பார்த்து அதேபோல் எழுதினார். தாசில்தாரும் கூடவே நடந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

சர்க்கார் தன் கடமையைச் செய்தது. எனக்கு இரண்டு மாதம் சஸ்பென்ஷன். அவருக்கு ஒரு இன்கிரிமென்ட் நிறுத்தம், திருத்தணிப் பக்கம் ஒரு பொட்டல் பிர்க்காவுக்கு மாற்றல். நிலம் மட்டும் 'கிராப்' என்றே பதிவானது. அறுவடைக்குப் பிறகுதான் நிலத்தைச் சுவாதீனம் எடுத்துக்கொள்வது என்று உத்தரவு வந்தது.

மழை அந்த மாதம் பெய்யவில்லை. அடுத்த மாதம் முதல் வாரமும் பெய்யவில்லை. நான் வேலையில்லாமல் தினமும் அந்த மேட்டுக்குப் போய் நின்றேன். ஒரு நாள் சாயங்காலம் இடித்துக்கொண்டு வந்தது. ஐந்தாம் நாள் போனபோது சிவப்பு முழுக்கப் பச்சை ஊசி குத்தினதுபோல் முளைத்திருந்தது. கன்னியம்மா வரப்பில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "சாமியாண்ட சொல்லு கணக்கப்புள்ள" என்றாள். "வெள்ளரிக்கித் திட்டுனது திட்டுனதுதான். அத்த வாபஸ் வாங்கல. ஆனா அந்த ஆளு அன்னிக்கி நெல்ல மறுபடி மூடினாரு பாரு, அத்த நான் பார்த்துக்கினுதான் இருந்தேன்."

நான் மறுபடி வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குப் பிறகு கர்ணம் வேலையே இல்லாமல் போகும்வரை, என் அடங்கலில் 'மேற்படி' என்ற வார்த்தை வரவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. கால்தான் வலித்தது.

தை மாதம் அறுப்புக்கு நாலு நாள் முன்பு அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. க்ஷேமலாபம் ஒன்றும் இல்லை. சர்வே நம்பரை எழுதி, 'கிராப் எப்படி?' என்று இரண்டே வார்த்தை. பதில் கார்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எழுதவில்லை.

அறுப்பன்றைக்குக் காலையிலிருந்து வரப்பிலேயே நின்றேன். சுமாரான மழைதான், ஆனாலும் கதிர் நன்றாகப் பிடித்திருந்தது, பதர் குறைச்சல். கட்டுகள் ஒவ்வொன்றாகத் தலையேறிப் போயின. வெயில் சாயும்போது நிலம் காலியாகிவிட்டது. சுவாதீனம் எடுக்க ஜீப் வந்து நின்றது. அதே தாசில்தார்தான். சுற்றிலும் பார்த்துவிட்டு ஃபாரத்தை எடுத்தார்.

"முடிஞ்சுது இல்லையா கர்ணம்? கிராப் நில்னு எழுதிடலாமா?"

நிலத்தின் அந்தக் கோடியில் கன்னியம்மாவும் அவள் பெண்கள் இருவரும் குனிந்து, தாளுக்கு நடுவே உதிர்ந்த கதிர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடி, கைப்பிடியாக மடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் ஆயுளில் எந்த மேலதிகாரியிடமும் நான் அப்படிப் பேசினதில்லை.

"இன்னும் இருக்கு சார். காத்திருக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், ஃபாரத்தை மடித்துக்கொண்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தார். கன்னியம்மா அவசரப்படவில்லை. ஒவ்வொரு சாலாகப் பார்த்து, கடைசிக் கோடிவரை பொறுக்கி, மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரப்பேறினாள். அதற்குப் பிறகுதான் நான் கார்டை எடுத்து, முழங்காலில் வைத்து, அவருக்கு எழுதினேன்:

'முழுவதும் வீடு சேர்ந்தது. நின்று பார்த்து எழுதுகிறேன்.'